பழைய நகரத்துச் சுவரில் ஒரு ‘மமா’

1

எங்கள் கல்யாணத்துக்கு இருபத்தைந்து வருடம் ஆனதைக் கொண்டாட மகள் பவானி ஒரு பயணம் ஏற்பாடு செய்தாள். புறப்படுவதற்கு முதல் நாள் சாயங்காலம் என் மனைவி செல்விக்கு முட்டி வலி வந்துவிட்டது. அன்று காலையில்தான் மிங்கலா தாங்ஞுன்ட் சந்தைக்குப் போய், இரண்டு கையிலும் பையோடு எங்கள் நாலு மாடியையும் ஏறி வந்திருந்தாள். “ஏங்க, எனக்கு முடியல. நீங்களும் புள்ளையும் போய்ட்டு வாங்க” என்றாள். கல்யாண நாளுக்குப் புருஷனை மட்டும் ஊருக்கு அனுப்பி வைக்கிற மனைவியை நான் விருதுநகரிலும் பார்த்ததில்லை, ரங்கூனிலும் பார்த்ததில்லை.

ஊர்க்காரர்களுக்கு என்னைத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். விருதுநகர் பருப்பு மண்டியில் சரக்குப் பார்க்கிற வேலையில் ஆரம்பித்தவன் நான். மூட்டையில் குத்தூசியைச் செருகி, வழிகிற பருப்பைக் கையில் வாங்கி, கல் எவ்வளவு, வண்டு எவ்வளவு, போன வருஷத்துச் சரக்கைக் கலந்திருக்கிறானா என்று சொல்ல வேண்டும். மேலே நல்லதைப் போட்டு நடுவில் சொத்தையை வைத்துத் தைக்காத வியாபாரியை நான் இன்னும் சந்திக்கவில்லை. பர்மா உளுந்து வாங்குவதற்காக முதலாளி என்னை இங்கே அனுப்பினார். வந்த இடத்தில், இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண் செல்வியைக் கட்டிக்கொண்டு தங்கிவிட்டேன். இப்போதும் கிடங்கில் அதே குத்தூசி வேலைதான்.

வீட்டில் எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. பர்மியில் ‘மயோன்பூ’ என்றால் நம்பவில்லை என்று அர்த்தம். ‘ஊ’ என்பது பெரியவர்கள் பெயருக்கு முன்னால் போடும் மரியாதை. பவானி என்னை ‘ஊ மயோன்’ என்பாள். திருவாளர் நம்பாதவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முட்டி வலியை மட்டும் வைத்து நான் சந்தேகப்படவில்லை. விருதுநகரில் என் அக்கா, பவானிக்கு ஒரு வரன் பார்த்திருந்தாள். பையன் மதுரையில் வங்கி வேலை. படம் வந்தது, ஜாதகம் வந்தது, பொருத்தமும் பார்த்தாகிவிட்டது. திங்கட்கிழமைக்குள் ஒரு வார்த்தை சொல்லிவிடு என்று அக்கா கறாராகக் கேட்டிருந்தாள். சரி என்று சொல்லிவிடத்தான் நானும் நினைத்திருந்தேன். இங்கே காலம் நன்றாக இல்லை. கரன்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று தெரியாது. வயசுப் பிள்ளைகளைப் படைக்கு எடுக்கும் சட்டம் வந்ததிலிருந்து, பிள்ளை பெற்றவர்கள் யாரும் நிம்மதியாக இல்லை. பெண்ணை அந்தக் கரையில் சேர்த்துவிட வேண்டும் என்று என் பயம் சொன்னது. பவானியிடம் கேட்டதற்கு, “சொல்றேன் அப்பா. மொதல்ல ட்ரிப் போய்ட்டு வருவோம்” என்றாள். கல்யாணத்துக்குச் சரி, இல்லை என்று சொல்ல எதற்காக ஓர் இடிந்த ஊரைப் போய்ப் பார்க்க வேண்டும்?

அந்த இடிந்த ஊர்தான் தயேகித்தயா. ரங்கூனிலிருந்து வடக்கே, பியே என்ற ஊருக்குப் பக்கத்தில், வயல்காட்டுக்கு நடுவில் இருக்கிறது. பியூ என்று ஒரு மக்கள் ஆயிரம் வருடத்துக்கும் முன்னால் கட்டி, வாழ்ந்து, விட்டுப்போன செங்கல் நகரம். படித்தவர்கள் ஸ்ரீ க்ஷேத்ரம் என்கிறார்கள். பர்மியர் வாயில் ‘ஸ்ரீ’ போய் ‘தயே’ ஆகிவிட்டது. இதை நான் நம்பினேன். ஏனென்றால் சுந்தரம் என்ற என் பெயர், இங்கே வெளிநாட்டார் பதிவுப் புத்தகத்தில் ‘துந்தராம்’ என்றுதான் இருக்கிறது. பாஸ்போர்ட்டில் இருக்கிற சுந்தரமும் புத்தகத்தில் இருக்கிற துந்தராமும் ஒரே ஆள்தான் என்று ஒவ்வொரு வருடமும் ஓர் அலுவலகத்தில் போய் நின்று விளக்க வேண்டியிருக்கிறது. அங்கே இருக்கிறவர் என்னைப் பார்க்கிற பார்வையை, நான் உளுந்து மூட்டையைப் பார்க்கும்போது பார்க்கலாம்.

2

சனிக்கிழமை விடியற்காலையில் கீழே ஒரு கார் நின்றது. ஓட்டுபவன் ஒல்லியாக, கண்ணாடி போட்டு, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் இருந்தான். பெயர் கோ நைங்.

“எங்க ஆபீஸ்ல வேல செய்றாரு அப்பா. அவரு ஊரே அங்கதான். வண்டியும் அவருதுதான்” என்றாள் பவானி.

மூன்று பதில் வந்தது. நான் ஒரு கேள்வியும் கேட்டிருக்கவில்லை.

பின்னால் உட்கார்ந்துகொண்டு அவனைக் கவனித்தேன். சிக்னலில் மஞ்சள் விழுவதற்கு முன்பே நிறுத்தினான். மிங்கலாடோன் தாண்டும்வரை ஹாரன் அடிக்கவில்லை. நாய்க்கு வழி விட்டான். பெண்ணின் அப்பாவைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு ஒருவன் இவ்வளவு ஒழுங்காக வண்டி ஓட்டினால் மூட்டைக்கு நடுவில் என்னவோ இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

அப்போதுதான் அவன், “மமா, தண்ணி வேணுமா?” என்று பர்மியில் கேட்டான்.

எனக்கு உயிர் வந்தது. பர்மியில் ‘மமா’ என்றால் அக்கா. ஆபீஸில் பவானி அவனுக்கு முன்னால் சேர்ந்தவளாக இருக்க வேண்டும். அக்கா என்று கூப்பிடுகிறான். அக்கா என்று வாய் நிறையக் கூப்பிடுகிறவனிடம் என்ன பயம்? பவானி தண்ணீர் பாட்டிலை வாங்கி என் பக்கம் நீட்டினாள். நல்ல பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன். மாவ்பி சந்தையைத் தாண்டும்போது, “மமா, வெயில் அடிக்குதா?” என்றான். முன் சீட்டிலிருந்த பவானி திரும்பி, என் பக்கத்துக் கண்ணாடியில் துண்டைச் செருகினாள். அதையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. என் வயதுக்காரனை இங்கே சின்னவர்கள் ‘ஊலே’ என்பார்கள். நம் ஊரில் சித்தப்பா என்கிற மாதிரி. இவன் என்னை ஒரு தடவைகூட ஊலே என்று கூப்பிடவில்லை. கூச்ச சுபாவம் என்று விட்டுவிட்டேன்.

வழியில் இரண்டு இடத்தில் கேட் இருந்தது. கேட் என்றால் இங்கே சாலையில் தடுப்பு வைத்து ஆள் யார், எங்கே போகிறார் என்று விசாரிக்கிற இடம். கோ நைங்கின் அடையாள அட்டையை இரண்டு இடத்திலும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். என்னிடம் சுந்தரம் யார், துந்தராம் யார் என்று கேட்டார்கள். பவானிக்கு அம்மா வழியில் இந்த நாட்டு அட்டை என்பதால் அவளை ஒன்றும் கேட்கவில்லை.

மதியம் ஒரு மரத்தடியில் செல்வி கட்டிக் கொடுத்த டப்பாக்களைத் திறந்தோம். எனக்கும் பவானிக்கும் புளிச்சோறு. மூன்றாவது டப்பாவைத் திறந்ததுமே எனக்கு மூக்கு அடைத்தது. வறுத்த ஙப்பி. மீனைப் புளிக்கவைத்து இடித்த விழுது. பர்மியர்களுக்கு அது இல்லாமல் சோறு இறங்காது. அந்த வாசனை என் வீட்டுக்குள் வரக்கூடாது என்று கல்யாணமான புதிதிலேயே சொல்லிவிட்டேன், இன்றுவரை வந்ததில்லை. ஆனால் இந்த ஙப்பி எங்கள் வீட்டு வாணலியில், நான் கிடங்கில் இருந்த நேரத்தில், பக்குவமாக வறுபட்டிருக்கிறது. கார் ஓட்டி வருகிற ஒருவனுக்காக, முட்டி வலியோடு.

“அம்மாவுக்கு இது எப்படித் தெரியும்?” என்றேன்.

“எது அப்பா?”

“இவனுக்கு இது பிடிக்கும்னு.”

“பர்மாக்காரங்க எல்லாருக்கும் பிடிக்கும் அப்பா. ஊ மயோன், பேசாம சாப்பிடுங்க. பால் வெளக்கிட்டுத்தான வந்தீங்க?”

பல் என்று சொல்ல வந்தாள். பவானிக்குக் குறிலும் நெடிலும் எப்போதும் தகராறுதான். சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு அனுப்பினோம். வாத்தியார் ஊருக்குப் போனதோடு அது நின்றுவிட்டது. வீட்டில் நான் தமிழில் கேட்டால் பர்மியில் பதில் வரும். எனக்காக மெனக்கெட்டுத் தமிழில் பேசும்போது பல் பாலாகிவிடும். நான் சிரிப்பதில்லை. உள்ளே சுருக்கென்று இருக்கும்.

3

பியேயில் வெளிநாட்டுக்காரர் தங்க அனுமதி உள்ள விடுதியில் நானும் பவானியும் தங்கினோம். கோ நைங் தன் வீட்டுக்குப் போய்விட்டான். மறுநாள் காலையில் பழைய நகரத்துக்குக் கூட்டிப்போனான்.

அங்கே நுழைகிற இடத்திலேயே எனக்கு மட்டும் தனிச் சீட்டு. பவானியும் அவனும் உள்நாட்டார். “நான் இந்த நாட்டுக்கு வந்தப்ப நீ பொறந்திருக்க மாட்டம்மா” என்று சீட்டுக் கொடுத்த பெண்ணிடம் பர்மியில் சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டே பாஸ்போர்ட்டுக்குக் கை நீட்டினாள்.

அருங்காட்சியகத்தில் கல்லில் செய்த பெரிய தாழிகள் இருந்தன. செத்தவர்களை எரித்து, சாம்பலைத் தாழியில் போட்டுப் புதைப்பது பியூ மக்களின் வழக்கமாம். ராஜாக்களின் தாழிகளில் பெயர் வெட்டியிருக்கிறது. எல்லாம் விக்கிரமன் என்று முடிகிற பெயர்கள். எழுத்து நம் தெற்கத்தி எழுத்திலிருந்து வந்தது என்று பவானி படித்துச் சொன்னாள். “உங்க ஊரு எழுத்து அப்பா” என்றாள். உங்க ஊரு என்று அவள் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை.

தாழியைப் பார்த்ததும் எனக்கு அப்பா ஞாபகம் வந்தது. எனக்கு விவரம் தெரிந்த வயதில், எங்கள் புன்செயில் கிணறு வெட்டும்போது ஒரு மண்தாழி தட்டுப்பட்டது. உள்ளே எலும்பு. அப்பா எல்லாரையும் வாயை மூடச் சொல்லி, ராத்திரியோடு ராத்திரியாக மண்ணைத் தள்ளி மூடிவிட்டார். சர்க்காருக்குத் தெரிந்தால் நிலத்தை எடுத்துக்கொள்வார்கள் என்று பயம். கிணற்றைத் தள்ளி வெட்டினார்கள், அதில் தண்ணீர் வரவில்லை. இதை நான் சிரித்துக்கொண்டே கோ நைங்குக்குப் பர்மியில் சொன்னேன்.

அவன் சிரிக்கவில்லை. “எங்க வீட்லயும் நடந்துச்சு. எங்க வயலே பழைய கோட்டைக்குள்ளதான் இருக்கு. கக்கூசுக்குக் குழி தோண்டுறப்ப தாழி வந்துச்சு. அப்பா போய் சொல்லிட்டாரு. பாதி வயல்ல கயிறு கட்டிட்டாங்க. இன்னும் அவுக்கல” என்றான்.

“ஏன் சொன்னாரு?”

“உள்ள இருக்கவங்க யாரோ ஒருத்தரோட அப்பா அம்மா இல்லையா, அதனாலன்னு சொன்னாரு.”

இதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு எனக்காகச் சேர்த்தது என்று யோசித்தபடியே நடந்தேன். கயிற்றைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றேன். கூட்டிப்போனான். கடலைச் செடிக்கு நடுவில், நிறம் வெளுத்த கயிறு நாலு கம்பத்தில் கட்டியிருந்தது.

அடுத்து போபோஜீ என்ற கோபுரத்தைக் காட்டினான். பழைய காலத்து நெல் குதிர் மாதிரி உருண்டையாக, உயரமாக நிற்கிறது. எனக்கு அதன் மேல் நம்பிக்கை வரவில்லை. இந்த நாட்டில் புண்ணியம் தேடுகிறவர்கள் இடிந்த கோபுரத்தைக் கண்டால் புதுச் செங்கல் வைத்துக் கட்டாமல் விடமாட்டார்கள். பழைய சரக்கில் புதுச் சரக்கைக் கலப்பது என் கண்ணுக்குத் தப்பாது. “இது புதுக்கல்லு. இது பழசு. இது நேத்து வச்சது” என்று சொல்லிக்கொண்டே வந்தேன். பாதிக்கு அவன் ஆமாம் என்றான். எனக்கு அது ஏமாற்றமாக இருந்தது.

பழைய செங்கற்களில் விரலால் இழுத்த கோடுகள் இருந்தன. ஈரக்களிமண்ணில் யாரோ மூன்று விரலை வைத்து இழுத்திருக்கிறார்கள். என் விரலை வைத்துப் பார்த்தேன். சரியாகப் பொருந்தியது.

“எதுக்கு இந்தக் கோடு?”

“சாந்து பிடிக்கன்னு சிலபேரு சொல்றாங்க. செஞ்சவங்க அடையாளம்னும் சொல்றாங்க.”

“நீ என்ன சொல்ற?”

“மதிபூ” என்றான். தெரியாது என்று அர்த்தம். 

இத்தனை வருட வியாபாரத்தில் ஒரு கேள்விக்குத் தெரியாது என்று பதில் சொன்னவர்கள் எனக்கு அதிகம் கிடைக்கவில்லை. விற்க வந்தவன் தெரியாது என்று சொல்லமாட்டான். இவனிடம் எனக்கு முதல் தடவையாகக் கொஞ்சம் மனசு இளகியது. இளகுகிறதே என்று உடனே உஷாரானேன்.

4

பவானி குடையை எடுத்து வருகிறேன் என்று காருக்குப் போனாள். நானும் கோ நைங்கும் பழைய கோட்டைச் சுவரின் மேல் நின்றோம். சுவர் இப்போது ஆள் உயர மேடுதான். புல்லுக்கும் முள்ளுக்கும் நடுவில் செங்கல் தெரிகிறது. ஓரத்தில் ஒரு செங்கல் மட்டும் கூடுதல் சிவப்பாக இருந்தது. கிடங்கிலிருந்து வந்த பழக்கத்தில் சட்டைப்பையில் இருந்த பேனாவை எடுத்து, குனிந்து, அதன் இடுக்கில் குத்தி நெம்பினேன். கல் பெயர்ந்தது. கல்லோடு சேர்ந்து என் காலடி மண்ணும் பெயர்ந்தது.

“மமா!”

கத்திக்கொண்டே என் கையைப் பிடித்து இழுத்துவிட்டான். இரண்டு பேரும் புல்லில் உட்கார்ந்தோம். நான் மூச்சு வாங்கிக்கொண்டு சுற்றிலும் பார்த்தேன். பவானி தூரத்தில், காருக்குள் தலையை விட்டுக் குடையைத் தேடிக்கொண்டிருந்தாள். அந்தச் சுவரின் மேல் நானும் அவனும் மட்டும்தான் இருந்தோம்.

அப்படியானால் அவன் யாரை அக்கா என்று கூப்பிட்டான்?

தண்ணீர் வேணுமா என்று கேட்டது, வெயில் அடிக்கிறதா என்று கேட்டது, எல்லாம் ஒவ்வொன்றாக என் தலைக்குள் திரும்பி வந்தது. தண்ணீர் என் கைக்குத்தான் வந்தது. துண்டு என் கண்ணாடியில்தான் செருகப்பட்டது. அந்த ஒரு வார்த்தை பர்மியே இல்லை. தமிழில் என்னைக் கூப்பிட்டிருக்கிறான். மாமா என்று. நெடில் அவன் வாயில் நிற்கவில்லை, அவ்வளவுதான். இரண்டு மொழியும் தெரிந்த ஆள் என்று மார்தட்டிக்கொண்டிருந்த நான், நேற்று விடியற்காலையிலிருந்து அவன் என்னை மாமா மாமா என்று கூப்பிடுவதைக் கேட்டு நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறேன்!

“என்னை என்னன்னு கூப்பிட்ட?” என்றேன், பர்மியில்.

அவன் எழுந்து நின்றான். சட்டையில் ஒட்டிய புல்லைத் தட்டினான். கையைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் செய்யுள் ஒப்பிக்கிற மாதிரி தமிழில் சொன்னான்: “மமா, நான் பவானிய காட்டிக்கிறேன்.”

“எங்கடா காட்டப் போற?”

அவனுக்குப் புரியவில்லை. இன்னொரு தடவை அதையே சொன்னான். பவானி குடையைப் போட்டுவிட்டு வயல் வரப்பில் ஓடிவந்தாள்.

“கட்டிக்கிறேன்னு சொல்ல வர்றாரு அப்பா! நான்தான் சொல்லிக் குடுத்தேன்.”

“நீ சொல்லிக் குடுத்தா இப்படித்தான் வரும்.”

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அதை எங்கே காட்டுவது என்று தெரியாமல், “உங்கம்மாவுக்கு எத்தன நாளாத் தெரியும்?” என்றேன். 

“அம்மாதான் ஙப்பி வறுத்து குடுத்தாங்க” என்றாள். அது போதுமான பதில்தான்.

“பவானி, இவன் நல்லவனாவே இருக்கட்டும். நாளைக்கு இவனைப் படைக்குக் கூப்பிட்டா நீ என்ன செய்வ? மதுரைல அந்தப் பயம் இல்ல. அங்க போயிட்டா நீ நம்ம ஊரு மனுஷங்களோட...”

“யாரு ஊரு அப்பா?”

நான் பேனாவைத் தேடி எடுத்துச் சட்டைப்பையில் செருகினேன்.

“நீங்க இங்க இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல இருக்கீங்க. இன்னும் தனிச் சீட்டு வாங்குறீங்க. வருஷா வருஷம் போயி நான்தான் நான்தான்னு சொல்லிட்டு வர்றீங்க. வீட்டுக்கு வந்து அன்னிக்கு முழுக்க யார்கிட்டயும் பேச மாட்டீங்க. எனக்குத் தெரியும். நான் மதுரைக்குப் போய் அதையே செய்யணுமா? பல்லுக்குப் பால்னு சொல்லிட்டு, எல்லாரும் சிரிக்க, அங்க உக்காந்திருக்கணுமா?”

இவ்வளவு நீளமாக அவள் தமிழில் பேசி நான் கேட்டதே இல்லை. நடுவில் ஒரு பர்மி வார்த்தைகூட வரவில்லை. பல் என்றும் பால் என்றும் சரியாகவே சொன்னாள். கோ நைங் பெயர்ந்த செங்கல்லை எடுத்து, இருந்த இடத்தில் வைத்து, மண்ணை அணைத்துக்கொண்டிருந்தான். பேசியதில் ஒரு வார்த்தைகூட அவனுக்குப் புரிந்திருக்காது. ஆனால் தலையை நிமிர்த்தவே இல்லை.

“கிளம்பலாம்” என்றேன்.

5

திரும்பி வரும்போது மமா என்ற சத்தம் இல்லை. அக்காவுக்கு என்ன சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டே வந்தேன். அவன் அப்பா வயலில் கட்டியிருந்த கயிறு கண்ணில் நின்றது. அதோடு பயமும் நின்றது. ஒன்று இன்னொன்றைத் தள்ளவில்லை.

மாவ்பி வருவதற்கு முன்னால் ஒரு கேட். போகும்போது அந்த இடத்தில் அது இல்லை. கோ நைங்கின் அட்டையை வாங்கிப் பார்த்தவர் அதைத் திருப்பித் தரவில்லை. இறங்கி வரச் சொன்னார். ஓரத்தில் ஏற்கெனவே அவன் வயதுப் பையன்கள் சிலர் நின்றிருந்தார்கள், கையில் பையோடு. கோ நைங் இறங்கினான். இறங்குவதற்கு முன்னால் கார் சாவியை எடுத்துப் பவானியின் மடியில் வைத்தான். அவள் அதைத் தொடவில்லை. அவள் முகத்தை நான் பார்த்தேன். அந்த முகத்தை வைத்துக்கொண்டு அவளை மதுரைக்கோ வேறு எந்த ஊருக்கோ அனுப்ப முடியாது.

நானும் இறங்கினேன். நாம் பாட்டுக்கு இருந்துவிட வேண்டும் என்பது வெளிநாட்டுக்காரன் பாடம். கேட்டால் மட்டும் பதில், கேட்காவிட்டால் மௌனம். இத்தனை வருடம் அப்படித்தான் காலம் தள்ளினேன்.

“நீங்க யாரு?” என்றார் அவர்.

பாஸ்போர்ட்டையும் புத்தகத்தையும் கொடுத்தேன். இரண்டு பெயரையும் பார்த்தார். என்னைப் பார்த்தார், காரில் இருந்த பவானியைப் பார்த்தார். பிறகு கோ நைங்கைக் காட்டி, “இவரு உங்களுக்கு என்ன வேணும்?” என்றார்.

“தமெட்” என்றேன்.

பர்மியில் மருமகன் என்று அர்த்தம். அந்த வார்த்தையை இதுவரை எனக்காக நான் சொன்னதே இல்லை.

“எப்போ கல்யாணம் ஆச்சு?”

“இன்னும் ஆகல. நாள் பாத்துக்கிட்டிருக்கோம். சம்பந்தி ஊருக்குப் போயி, அவங்க நிலம், கோட்டை எல்லாம் பாத்துட்டு வர்றோம். வீட்ல அவரோட மாமியார் முட்டி வலியோட காத்துக்கிட்டிருக்கா.”

அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். நம்பாமல் பார்ப்பது எப்படி என்று எனக்குத் தெரியும். அதனால் நானும் கண்ணை எடுக்கவில்லை. கடைசியில் அட்டையை அவன் கையில் கொடுத்து, போகலாம் என்று தலையசைத்தார். ஓரத்தில் நின்ற மற்றப் பையன்களை நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் என்னால் காரில் ஏறியிருக்க முடியாது.

வண்டி இரண்டு தடவை நின்று நின்று கிளம்பியது. மாவ்பி சந்தை விளக்குகள் தெரியும்வரை பவானி முன்னால் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு திரும்பாமலேயே, தமிழில், சின்னக் குரலில் கேட்டாள்.

“அப்பா, அங்க சும்மாதான் சொன்னீங்களா?”

“கேட்ல நின்னுக்கிட்டுப் பொய் சொல்ற ஆளா நான்?”

அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. கோ நைங் பதறிப்போய் வண்டியை ஓரம் கட்டி, என்ன, என்ன என்று பர்மியில் அவளைக் கேட்டான்.

“அவனுக்கும் சொல்லும்மா” என்றேன். “இல்லேன்னா நான் சும்மா சொன்னேன்னு நெனச்சுக்கிட்டே வீடு வரைக்கும் ஓட்டிட்டு வருவான்.”